அக்காவின் ஒருசந்தி

அன்று காலை அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே பிள்ளைகள் யாரும் இல்லை. பங்குப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து அவள் ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

"உள்ளேன் டீச்சர்னு சொல்லுங்கடி. வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்று சுவரைப் பார்த்து அதட்டினாள்.

கொஞ்ச நாளாக இருமல் இருந்தது. சுக்குக் கஷாயம் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். இருமலுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் மனைவி ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பெரிய காய்ச்சலும் இல்லை. ஆனால் மூச்சு மட்டும் நாய்க்குட்டிக்கு வாங்குவது போல வாங்கியது.

நான் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். ஒரு சாமானைத் தூக்குவதற்கு முன்னால் இது இவ்வளவு கனம் இருக்கும் என்று கை தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். அக்காவைத் தூக்கும்போது அந்தக் கணக்கு தப்பிவிட்டது. வேண்டியதற்கு மேல் பலம் கொடுத்துவிட்டேன். அவள் சட்டென்று என் நெஞ்சுக்கு மேலே வந்துவிட்டாள். கையில் ஏந்தியிருந்தது புடவையா ஆளா என்று ஒரு நிமிஷம் புரியவில்லை.

சந்து முனையில் நிற்கிற ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டார்.

"இன்னா சார், அம்மாவுக்கு இப்டி மூச்சு வாங்குது. ஆம்புலன்ஸுக்கெல்லாம் நிக்காத. ஏறு. ஆண்ட்டி, நீ தலைய மடில வெச்சுக்கோ."

சாந்தோமிலிருந்து அடையாறு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே போனேன். வாய் சொன்னது. எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. செபமாலை சட்டைப் பையிலேயே இருந்தது என்பதைப் பாலம் தாண்டிய பிறகுதான் கவனித்தேன்.

எமர்ஜென்சியில் பச்சைத் திரைக்குள் அக்காவைப் படுக்கவைத்து முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டார்கள். பிரஷர் இறங்கிக் கிடந்தது. ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. நர்ஸ் சீக்கிரமாக வேலை நடக்கட்டும் என்று ஜாக்கெட்டைக் கத்தரியால் வெட்டி எடுத்து என் மனைவி கையில் கொடுத்தாள். மனைவி அதை மடித்து வைக்கப்போனவள், உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

பக்கத்துத் தையலுக்கு உள்ளே இன்னொரு தையல். அதற்கும் உள்ளே இன்னொன்று. கையால் போட்ட பொடித் தையல், கோடு போட்டது போல நேராக இருந்தது. உடம்பு குறையக் குறைய அக்கா தன் ஜாக்கெட்டைத் தானே பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். தொளதொளவென்று அவள் உடுத்தி நாங்கள் பார்த்ததே இல்லை. கோயிலில் எல்லோரும், டீச்சர் அப்போ பார்த்த மாதிரியே இருக்காங்க என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கும் அதில் ஒரு பெருமை.

டாக்டரம்மா சின்ன வயது. ஒரு டேப் எடுத்து அக்காவின் மேல் கையைச் சுற்றி அளந்தார். பிறகு கெண்டைக்காலை அளந்தார். அதுவரை கண் மூடிக் கிடந்த அக்கா மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினாள்.

"டேப்பை இறுக்காதம்மா. ஒரு விரல் விட்டு அளக்கணும்."

"இது ஜாக்கெட்டுக்கு இல்ல பாட்டிம்மா. உங்களுக்கு."

"டீச்சர்" என்று திருத்திவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா எங்களை வெளியே கூப்பிட்டுப் பேசினார். சளி நுரையீரலில் இறங்கியிருக்கிறது என்றார். அந்தக் கிருமி ரத்தத்திலும் கலக்க ஆரம்பித்திருக்கிறது, அதனால்தான் புத்தி தடுமாறுகிறது என்றார்.

"இருமல்தானம்மா இருந்துது" என்றேன்.

"இதே சளி நல்லா சாப்பிடற ஒருத்தருக்கு வந்திருந்தா, அவங்களே நடந்து வந்து மாத்திரை வாங்கிட்டுப் போயிருப்பாங்க சார். இவங்களுக்கு எதிர்த்து நிக்க உடம்புல ஒண்ணுமே மிச்சம் இல்ல. சதையெல்லாம் கரைஞ்சிருக்கு. அதனாலதான் சின்ன வியாதி பெரிய வியாதியாயிடுச்சு. தினமும் என்ன சாப்பிடுவாங்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காலையில் இட்லியோ தோசையோ. மத்தியானம் சாம்பார், ஒரு பொரியல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கறி. மீன் நன்றாகக் கிடைத்தால் நடுவிலும் ஒரு நாள்.

அவர் எழுதவில்லை. "அது நீங்க சாப்பிடறது சார். அவங்க என்ன சாப்பிடுவாங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அடுப்பு அக்காவுடையது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆன நாளிலிருந்து மூன்று பேரும் ஒரே வீடுதான். எங்கள் இரண்டு பேருக்கும் தட்டு வைப்பாள், பக்கத்தில் நின்று பரிமாறுவாள், "நான் அப்புறம் சாப்பிட்டுக்குறேன்" என்பாள். அந்த அப்புறத்தை நான் பார்த்ததில்லை. நான் கை கழுவிவிட்டுப் பேப்பர் எடுப்பேன். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். அழுகை வரவில்லை. எதிர்ச்சுவரில் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தையின் கையில் மடிப்பு மடிப்பாகச் சதை. அவ்வளவுதான் எனக்குப் பதிந்தது.

ஆண்டவர் கிருபையால் மருந்து கேட்டது. இரண்டு நாள் ஊசியிலும் சலைனிலும் கிடந்துவிட்டு, அக்காவுக்குப் புத்தி தெளிந்தது. எமர்ஜென்சியிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். இனிமேல்தான் வேலையே இருக்கிறது என்றார் டாக்டரம்மா. வயிறு சுருங்கிப் போயிருப்பதால் ஒரேயடியாகக் கொடுத்தால் அதுவே ஆபத்தாகும். விடிந்ததிலிருந்து இரண்டு மணிக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி, பால், மசித்த இட்லி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தெம்பு ஏறாமல் இன்னொரு தடவை சளி பிடித்தால் தாங்க மாட்டாள் என்றும் சொன்னார். நேராகத்தான் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

வியாழக்கிழமை அக்கா கொடுத்ததையெல்லாம் குடித்தாள். வெள்ளிக்கிழமை காலை கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மத்தியானம் குடிக்கிறேன். இப்ப வேணாம்."

"டாக்டர் குடுக்கச் சொல்லியிருக்காங்க அக்கா."

"மத்தியானம் குடிக்கிறேன்னுதானடா சொல்றேன். வேணவே வேணாம்னா சொன்னேன்?"

கோபமில்லாமல், வீட்டுக்கு வந்த விருந்தாளி இரண்டாவது காப்பியை மறுப்பது போல மறுத்தாள். நர்ஸ் வந்து கெஞ்சினாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த அம்மா, "வயசானா எல்லாம் குழந்தைதான், மூக்கைப் புடிச்சு ஊத்துங்க" என்றாள். அக்கா அந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். வகுப்பில் பேசுகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. அந்த அம்மா திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். "சாயங்காலத்துக்குள்ள வாயால சாப்பிடலைன்னா மூக்கு வழியா குழாய் போட்டு உள்ள அனுப்பிடுவேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா சரி என்று தலையாட்டினாள். குழாயைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் வராந்தாவுக்கு வந்தேன். மனைவி பின்னாலேயே வந்தாள்.

"அண்ணிக்கு இன்னிக்கு ஒருசந்தி" என்றாள்.

ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. தவக்காலத்தில் நாங்களும் இருப்பதுதான். ஆனால் இது தவக்காலம் இல்லை.

"அறுபது தாண்டினவங்க இருக்க வேணாம்னு கோயில்லயே சொல்லியிருக்காங்களே."

"இது கோயில் ஒருசந்தி இல்லைங்க. உங்க ஒருசந்தி."

எனக்குப் புரியவில்லை. அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த அன்றைக்கு, என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும், அக்கா இவள் கையைப் பிடித்துக்கொண்டு மாதாவுக்கு நேர்ந்துகொண்டாளாம். புதன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஒருசந்தி. நான் உயிரோடு இருக்கிற வரைக்கும்.

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாங்க."

"அவ சொன்னா சொல்லாமயே இருந்துடுவியா? இத்தன வருஷமா வீட்ல ஒரு மனுஷி தேஞ்சிக்கிட்டு வர்றா."

"தேயறது எனக்கும் தெரியலைங்க. ஜாக்கெட்ட நீங்களும்தான பாத்தீங்க." முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்தாள். "தெரிஞ்சிருந்தாலும் நான் என்னன்னு சொல்லுவேன்? நேர்ச்சை அவங்களுது. புருஷன் என்னுது. வேணாம் அண்ணி, நிறுத்துங்கன்னு என் வாயால எப்படி வரும்?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டையின் மேல் பொத்தானைப் பார்த்துப் பேசினாள். ஆபரேஷன் தழும்பின் மேல் நுனி அங்கேதான் தெரியும்.

அன்று காலை ஆஸ்பத்திரி கேன்டீனில் நான் பொங்கல் சாப்பிட்டிருந்தேன். ஒரு வடையும் சாப்பிட்டிருந்தேன். வயிறு நிறைந்திருந்தது. அதைத் தவிர எனக்குள் எதுவும் நடக்கவில்லை. யாரோ ஒருவருடைய வீட்டுக் கதையைக் கேட்டது போல இருந்தது. படி இறங்கி வந்து பஸ் ஏறினேன்.

பங்குச்சாமியார் கோயில் ஆபீசில் மைக் செட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னதை முழுதும் கேட்டார். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"நேர்ச்சையை மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. உங்க அக்காவை மாத்தத்தான் எனக்கு அதிகாரம் இல்ல."

"நான் எடுத்துக்கிறேன் ஃபாதர். அவளுக்குப் பதிலா நான் இருக்கேன் ஒருசந்தி."

"நெஞ்சைத் திறந்து தச்ச ஆளு. நாளைக்கு உங்களையும் பக்கத்துக் கட்டில்ல போட்டா நான் ரெண்டு பேரை வந்து பாக்கணும். பெட்ரோல் விக்கிற விலையில." எழுந்து பைக் சாவியைத் தேடினார். "இந்த ஸ்க்ரூவை மட்டும் பாத்து எடுத்து வைங்க. மெக்கானிக்தானே."

எடுத்து வைத்தேன். கை வேலை செய்தது. அவர் பைக்கிலேயே பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

சாமியார் தோளில் ஊதாத் துண்டு போட்டுக்கொண்டு கட்டிலருகே வந்ததும், அக்கா எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை.

"அவஸ்தை குடுக்கவா சாமி வந்தீங்க?" சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசுவதை எங்கள் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"பூசத்தான் போறேன் டீச்சர். போறதுக்கு இல்ல, எழுந்திருக்கறதுக்கு. அதுக்கு முன்னாடி உங்க நேர்ச்சையைப் பத்தி ஒரு பேச்சு இருக்கு."

அக்கா என் மனைவியைப் பார்த்தாள். மனைவி கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கஞ்சியின் மேல் ஆடை படிந்திருந்தது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அண்ணி."

அக்கா கோபப்படவில்லை. சாமியாரிடம் திரும்பி, "ஒரு சந்தேகம் சாமி. மூக்கு வழியா குழாய்ல போனா ஒருசந்தி முறியுமா? வாய்ல படாதுல்ல?" என்றாள்.

சாமியார் சிரித்துவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "குழாய்க்கு சட்டம் தேடற அளவுக்கு வந்தாச்சா? டீச்சர், இந்த நேர்ச்சையை நான் மாத்திக் குடுக்கறேன். திருச்சபை எனக்குக் குடுத்த அதிகாரத்துல சொல்றேன். புதன், வெள்ளி, சனி மூணு நாளும் உங்க தம்பி சாப்பிடற நேரத்துக்கு அவர் கூடவே உக்காந்து மூணு வேளையும் சாப்பிடணும். நின்னுக்கிட்டு இல்ல, அப்புறம் இல்ல. கூட உக்காந்து. மாதாவுக்கு இனிமே இதுதான்."

"இது விருந்தில்ல சாமி? நேர்ச்சைன்னா கஷ்டம் இருக்கணும்."

"உங்களுக்கு இதைவிடக் கஷ்டம் வேற இருக்கா, சொல்லுங்க."

அக்கா கைகளை விரித்து நீட்டினாள். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசிக்கொண்டாள். எல்லா செபத்துக்கும் ஆமென் சொன்னாள். சாமியார் கிண்ணத்தை வாங்கி நீட்டினார். அக்கா வாயைத் திறக்கவில்லை.

"அவ சொல்லட்டும்" என்றாள்.

யார் என்று சாமியார் கேட்டார். அக்கா என் மனைவி பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"இவ புருஷனுக்காக நேர்ந்தது. இவ கையைப் புடிச்சுக்கிட்டு நேர்ந்தது. நீங்க மாத்தறீங்க, சரி. அவளுக்குப் பயமில்லன்னு அவ சொல்லட்டும். அப்ப சாப்பிடறேன்."

பக்கத்துத் திரை கொஞ்சம் விலகியது. என் மனைவி என்னைப் பார்த்தாள். மறுபடியும் அந்த மேல் பொத்தானைத்தான். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். என் உயிரைப் பற்றி இரண்டு பெண்பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள், நான் ஜன்னலுக்கு வெளியே காய்கிற பெட்ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மனைவி சாமியாரிடமிருந்து கிண்ணத்தை வாங்கினாள். கட்டிலில் உட்கார்ந்தாள். மேலே படிந்த ஆடையை ஸ்பூனால் ஒதுக்கினாள்.

"பயமாத்தான் இருக்கு அண்ணி" என்றாள். "சாப்பிடுங்க."

அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். முதல் ஸ்பூனை விழுங்குவதற்கு நெடுநேரம் பிடித்தது. தொண்டையில் அது இறங்குவது வெளியிலேயே தெரிந்தது. அடுத்த ஸ்பூனுக்கும் திறந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அக்காவால் சமையலறைக்குள் நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டாக்டரம்மா சொன்னபடி அவித்த முட்டை, பருப்பு, பால் என்று கொடுத்தோம். ஆடு மேய்கிற மாதிரி நாள் பூரா மென்னுக்கிட்டே இருக்கேன் என்று சலித்துக்கொண்டாள். வெட்டின ஜாக்கெட்டைத் தூக்கிப்போடவும் விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெட்டுப்பட்ட இடத்தில் ஒட்டுப் போட்டாள். உள்தையல் ஒன்றையாவது பிரிப்பாளா என்று பார்த்தேன். பிரிக்கவில்லை. பிரிக்கிற அளவுக்கு உடம்பில் இன்னும் எதுவும் ஏறவில்லை.

எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். காலையில் மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டு நன்றி சொன்னேன். வார்த்தை சரியாகத்தான் வந்தது. டிப்போவில் குளிர்காலத்து விடியலில் எஞ்சினைத் திருகுவது போல இருந்தது, சத்தம் வரும், ஸ்டார்ட் ஆகாது. மாதா அதையும் வாங்கிக்கொண்டிருப்பாள் என்று எழுந்து போனேன்.

வீடு திரும்பிய பின் வந்த முதல் வெள்ளிக்கிழமை காலை மேஜையில் அக்காவுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. மனைவி இட்லி வைத்துச் சாம்பார் ஊற்றினாள். நேர்ச்சைப்படி அக்கா என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிடுவதை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அவளுக்கும் கூச்சம். தலையைக் குனிந்துகொண்டு ஒரு துண்டு பிய்த்தாள். பிய்த்ததை வாயில் போடாமல் நிறுத்தினாள்.

"உன் தட்டு எங்க?"

"நீங்க சாப்பிடுங்க அண்ணி. நான் அப்புறம் சாப்பிட்டுக்குறேன்."

அக்கா இட்லித் துண்டைத் தட்டில் வைத்தாள்.

"புதன்கிழமை காலைலயும் அப்புறம்னுதான சொன்ன. அன்னிக்கு எப்ப சாப்பிட்ட?"

மனைவி சாம்பார்க் கரண்டியைத் துடைத்தாள். துடைக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

"எனக்குப் பசிக்கல."

"அந்தப் பொய் எனக்குத் தெரியாததா? நானே எத்தன வருஷம் சொன்னது."

"யாராவது ஒருத்தர் ஒருசந்தி இருக்கணுமில்ல அண்ணி" என்றாள் மனைவி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சும்மா விட்டுட்டா எப்படி?"

அக்கா தன் தட்டை மேஜையின் நடுவுக்குத் தள்ளினாள். பலமில்லாத கையால் தள்ளியதால் கொஞ்சம்தான் நகர்ந்தது. "நீ உக்காந்தாத்தான் நான் தொடுவேன். இல்லைன்னா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்கலாம், அந்தப் பொண்ணு ரெண்டு பேருக்கும் டேப்பு வெச்சு அளக்கட்டும்."

நான் எழுந்தேன். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து என் பக்கத்து நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். இட்லி வைத்தேன். சாம்பார் ஊற்றினேன், கொஞ்சம் மேஜையில் சிந்தியது. மனைவி நின்றுகொண்டே அந்தத் தட்டைப் பார்த்தாள். அப்புறம் என் பொத்தானைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

மூன்று பேரும் சாப்பிட்டோம்.

"உப்பு பத்தல" என்றாள் அக்கா.

மனைவி எழுந்திருக்கப் போனாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உப்பு அப்புறம். நீ சாப்பிடு."